சார்ஸ் நின்றது, கோவிட் ஏன் நிற்கவில்லை?

2002 நவம்பரில் தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு புதுவகை நிமோனியா தலைகாட்டியது. அடுத்த பிப்ரவரியில் அங்கிருந்து ஹாங்காங் வந்த ஒரு மருத்துவர், மெட்ரோபோல் என்ற ஹோட்டலின் 9-ஆவது மாடியில் அறை எடுத்துத் தங்கினார். வரும்போதே அவருக்கு உடம்பு சரியில்லை. அதே மாடியில் தங்கியிருந்த வேறு சிலர் அடுத்தடுத்த நாட்களில் விமானம் ஏறி ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ என்று பிரிந்துபோனார்கள். நோயும் கூடவே போனது. அதுதான் சார்ஸ். கடைசிக் கணக்கில் 8,096 பேருக்கு நோய், 774 மரணம். கிட்டத்தட்டப் பத்தில் ஒருவரைக் கொன்ற நோய் அது.

ஆனால் 2003 ஜூலை 5 அன்று, பரவல் அறுபட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசி எதுவும் வந்திருக்கவில்லை. குறிப்பான மருந்தும் இல்லை. நோயாளியைக் கண்டுபிடி, தனியாக வை, அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்துக் கண்காணி. கையில் இருந்தது இவ்வளவுதான். எல்லாமே நூறு வருஷத்துக்கு முந்தைய ஆயுதங்கள்.

2019 இறுதியில் அதே குடும்பத்திலிருந்து இன்னொரு வைரஸ் வந்தது. இந்த முறை அறிவியல் எவ்வளவோ வேகமாக இருந்தது. 2020 ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் அதன் மரபணு வரிசை முழுதும் வெளியானது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் தடுப்பூசியே வந்துவிட்டது. நோயின் மரண விகிதமும் சார்ஸைவிட மிகக் குறைவு. இருந்தும் அது உலகத்தைச் சுற்றி வந்தது, இன்னும் போகவில்லை.

கொடிய நோய் எட்டே மாதத்தில் அடங்கியது. அதைவிடச் சாதுவானது அடங்கவில்லை. அரசுகள் மெத்தனமாக இருந்தன, விமானப் பயணம் பெருகிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தொற்றுநோய் ஆய்வாளர்களைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்லும் பதில் வேறு: நேரம்.

சார்ஸ் வந்தவரின் உடலிலிருந்து வைரஸ் மிக அதிகமாக வெளியேறியது காய்ச்சல் தொடங்கிப் பத்து நாள் வாக்கில். அதற்குள் அவர் எழுந்து நடமாட முடியாத நிலைக்கு வந்திருப்பார், பெரும்பாலும் மருத்துவமனையில் இருப்பார். அதனால்தான் சார்ஸ் பிடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளராக இருந்தார். அவர்களுக்கு அது பெரிய கொடுமை. ஆனால் நோயை நிறுத்த வந்தவர்களுக்கு அதுவே வசதியாகவும் போனது. காய்ச்சல் வந்ததும் ஆளைத் தனிமைப்படுத்தினால் போதும், அவர் அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன்பே பிடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

கோவிட் இதைத் தலைகீழாக்கியது. அறிகுறி தொடங்கும் நாளிலோ அதற்கு ஓரிரு நாள் முன்போ தொற்றும் திறன் உச்சத்தைத் தொடுகிறது. தொண்டை கரகரக்க ஆரம்பிக்கும்போது, கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அறிகுறியே இல்லாமல் வந்து போனவர்கள் வேறு. விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவும் ஒரு நோயை அவை எப்படிப் பிடிக்கும்?

இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கணக்கு 2004-லேயே போடப்பட்டுவிட்டது. கிறிஸ்டோஃப் ஃபிரேசர், நீல் ஃபெர்குசன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், சார்ஸ் அடங்கிய கையோடு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: ஒரு நோய், தனிமைப்படுத்தலாலும் தொடர்புகளைத் தேடிப் பிடிப்பதாலும் மட்டுமே அடங்குமா என்பதை எது தீர்மானிக்கிறது? அவர்கள் கண்ட விடையில் இரண்டு எண்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது முதலாவது. அந்தப் பரவலில் எத்தனை பங்கு அறிகுறிக்கு முன்போ, அறிகுறியே இல்லாமலோ நடக்கிறது என்பது இரண்டாவது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் சார்ஸும் பெரியம்மையும் எளிதில் அடங்கும் பக்கம் விழுந்தன. ஃப்ளூ அடங்காத பக்கம். எச்.ஐ.வி. அதற்கும் அப்பால். நோய் எவ்வளவு கொடியது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஒரு புது நோய் வந்தால் செய்தியில் நாம் முதலில் தேடுவது இறப்பு எண்ணிக்கையை. ஆய்வாளர் முதலில் தேடுவது, யார், எப்போது, எந்த வழியாகக் கொடுக்கிறார்கள் என்பதை. கிருமியைக் கண்ணால் பார்க்காமலேயே இந்த மூன்றுக்கும் பதில் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இந்தத் துறையின் ஆச்சரியம். பார்த்த பிறகும் இந்த மூன்றில் கோட்டை விடலாம் என்பது அதன் சோகம்.

பெரியம்மை ஏன் ஒழிந்தது

பெரியம்மை ஒழிந்ததற்குத் தடுப்பூசிதான் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். எட்வர்ட் ஜென்னர் அந்தத் தடுப்பூசியைப் போட்டுக் காட்டியது 1796-இல். நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1980-இல். இடையில் 184 வருஷம். தடுப்பூசி மட்டுமே போதும் என்றால் இவ்வளவு காலம் ஏன்?

1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகி. அங்கே ஓரிடத்தில் பெரியம்மை கிளம்பியதாகத் தகவல் வந்தது. அப்போதைய வழக்கப்படி மொத்த மக்கள்தொகைக்கும் தடுப்பூசி போட வேண்டும். ஆனால் அவர் கையில் இருந்த மருந்து அதற்குப் பத்தாது. மேலும் மருந்து வந்து சேரவும் நாளாகும். சரி, இருப்பதை எங்கே போட்டால் அதிகப் பலன் என்று யோசித்தார்கள். அந்தப் பகுதியில் ஆங்காங்கே கிறிஸ்தவ ஊழியர்களிடம் ரேடியோக் கருவிகள் இருந்தன. இரவில் அவர்களை ரேடியோவில் கூப்பிட்டு, உங்கள் பகுதியில் எந்தெந்த ஊரில் அம்மை போட்டிருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார்கள். வரைபடத்தில் குறித்தார்கள். நோய் இருந்த ஊர்களிலும், அங்கிருந்து அது போகக்கூடிய சந்தை வழிகளிலும் மட்டும் ஊசி போட்டார்கள். பெரும்பான்மை மக்களுக்கு ஊசியே போடாமல் அந்தப் பரவல் நின்றுபோனது.

வளையத் தடுப்பூசி என்று பிற்பாடு பேர் பெற்ற இந்த உத்தி வேலை செய்ததற்குக் காரணம், பெரியம்மையின் குணம். தோலில் கொப்புளம் வந்தால் யாருக்கும் தெரியும், பரிசோதனைக்கூடம் தேவையில்லை. அறிகுறி வருவதற்கு முன் அது பெரிதாகப் பரவாது. மனிதரைத் தவிர வேறு விலங்கில் தங்காது. பரவும் வேகமும் நிதானமானது. தொற்று ஏற்பட்ட நான்கு நாட்களுக்குள் ஊசி போட்டால்கூடக் காப்பாற்றிவிடலாம். தேடிப் பிடிப்பவர்களுக்கு இவ்வளவு சாதகமான நோய் அபூர்வம். கூடவே, குளிர்பெட்டி இல்லாமல் வெயிலில் தாக்குப்பிடிக்கும் உலர்த்திய மருந்தும், யார் வேண்டுமானாலும் சில நிமிடத்தில் பழகிக்கொள்ளக்கூடிய இருமுனை ஊசியும் சேர்ந்துகொண்டன. இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரருக்கு வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு, அடுத்தது போலியோ என்று 1988-இல் உலக நாடுகள் தீர்மானம் போட்டன. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்தது அது. 2000-க்குள் ஒழித்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் இயற்கை வகைப் போலியோ இன்றும் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் அறுபடாமல் இருக்கிறது. முயற்சியில் குறை என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. மூன்று வகைகளில் இரண்டு ஒழிந்தேவிட்டன. ஆனால் போலியோ பெரியம்மை அல்ல. தொற்றுக்கு ஆளாகும் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் மலத்தின் வழியே வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். முடங்கிய ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்கும்போது அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. யாரைச் சுற்றி வளையம் போடுவது?

அதனால் போலியோவில் தேடும் இடமே மாறிவிட்டது. ஆளைத் தேடுவதோடு நில்லாமல் சாக்கடையையும் தேடுகிறார்கள். 2013-இல் இஸ்ரேலின் தெற்குப் பகுதிக் கழிவுநீரில் போலியோ வைரஸ் அகப்பட்டது. ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. அந்த நாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி வழியே தடுப்பு மருந்து போட்டிருந்தார்கள். ஊசி மருந்து குழந்தையை முடக்கத்திலிருந்து நன்றாகக் காக்கும். ஆனால் குடலில் வைரஸ் குடியேறுவதை அவ்வளவாகத் தடுக்காது. ஆக, காக்கப்பட்ட குழந்தைகளின் வழியாகவே வைரஸ் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்கும் சொட்டு மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்து அதை நிறுத்தினார்கள். நோயைத் தடுப்பதும் பரவலைத் தடுப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை. கோவிட் காலத்தில், ஊசி போட்டும் ஏன் தொற்று வருகிறது என்று கோபப்பட்டவர்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

சொட்டு மருந்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. அதில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். தடுப்பு மருந்து பலருக்குப் போய்ச் சேராத இடங்களில் அது ஆளுக்கு ஆள் தாவி, பல மாதங்களில் மெல்ல மாறி, பழைய வீரியத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம். அதனால் எளிதில் பழையபடி மாற முடியாத மாதிரி மரபணுவைத் திருத்திய சொட்டு மருந்து ஒன்றை, இரண்டாம் வகை வைரஸுக்கு 2021 முதல் பயன்படுத்துகிறார்கள்.

தட்டம்மையின் கதை சுருக்கமானது. ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கக்கூடியது. தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை காற்றில் இருக்கும். இதில் ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நூற்றுக்கு 95 பேருக்கு முன்கூட்டியே எதிர்ப்பு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எதிர்ப்பு 90-க்கு இறங்கினாலே அது கண்டுபிடித்துவிடும்.

உப்பைக் காட்டிக்கொடுத்த தண்ணீர்

எந்த வழியாகப் பரவுகிறது என்ற கேள்விக்கு வருவோம். இங்கே ஜான் ஸ்னோவைச் சொல்லாமல் யாரும் நகர்வதில்லை. 1854-இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா கிளம்பியதும், தெருமுனைக் குழாயின் கைப்பிடியை அவர் கழற்ற வைத்ததும் பிரபலமான கதை. உண்மையில் கைப்பிடியைக் கழற்றியபோது அந்தப் பரவல் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. பெரும்பாலோர் பகுதியை விட்டே ஓடிவிட்டிருந்தார்கள். அவருடைய பெரிய வேலை அதே ஆண்டு தேம்ஸ் நதிக்குத் தெற்கே நடந்தது. அதைத்தான் ஏனோ யாரும் சொல்வதில்லை.

தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் வீடுகளுக்குத் தண்ணீர் விட்டன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே நதியிலிருந்து தண்ணீர் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் குழாயை நதியின் மேற்பகுதிக்கு, சாக்கடைக்கு அப்பால் மாற்றிவிட்டது. பல தெருக்களில் இரண்டு கம்பெனியின் குழாய்களும் ஓடின. ஒரு வீட்டுக்கு இது, பக்கத்து வீட்டுக்கு அது. பணக்காரர் ஏழை, நல்ல காற்று கெட்ட காற்று என்ற வித்தியாசம் ஒன்றும் கிடையாது. வித்தியாசம் தண்ணீர் மட்டுமே. ஆராய்ச்சியாளர் திட்டம் போட்டால்கூட இப்படி ஒரு சோதனையை அமைத்திருக்க முடியாது.

காலராவில் ஒருவர் இறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்க வேண்டும். இங்கேதான் ஒரு தடங்கல். வாடகைக்கு இருந்த பலருக்குத் தங்களுக்குத் தண்ணீர் தருவது யார் என்றே தெரியாது. வரியை வீட்டுக்காரர் கட்டிவிடுவார். ஸ்னோ ஒரு வழி கண்டுபிடித்தார். கடல் அலை நதிக்குள் ஏறி இறங்கும் பகுதியில் எடுத்த தண்ணீரில் உப்பு அதிகம். மேற்பகுதித் தண்ணீரில் மிகக் குறைவு, சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். தண்ணீரை ஒரு சிறு குப்பியில் பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால் போதும். உப்புத் தண்ணீர் என்றால் உடனே வெள்ளையாகத் திரிந்துவிடும். கம்பெனியின் பெயரைத் தண்ணீரே சொல்லிவிட்டது.

முதல் ஏழு வாரக் கணக்கு இது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 மரணம். லாம்பெத் தண்ணீர் போன 26,107 வீடுகளில் 98 மரணம். பத்தாயிரம் வீட்டுக்கு 315, எதிரே 37. காலராக் கிருமியை ராபர்ட் கோக் பிரித்தெடுத்துக் காட்டுவதற்கு இன்னும் 30 வருஷம் இருந்தது. எதைத் தடுக்கிறோம் என்று தெரியாமலேயே எங்கே தடுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இருந்தும் கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று நம்பிய அதிகாரிகள் அசைந்துகொடுக்கவில்லை. ஸ்னோ 1858-இல் இறந்தபோதுகூட அவர் சொன்னது ஊரறிந்த உண்மை ஆகியிருக்கவில்லை.

காற்று என்ற சொல்லுக்கு வந்த கெட்ட பெயர்

கெட்ட காற்றுக் கொள்கையை விரட்ட மருத்துவத் துறைக்கு அரை நூற்றாண்டு ஆனது. விரட்டிய வேகத்தில் அது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. 1910 வாக்கில் அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிஞர் சார்லஸ் சேப்பின், நோய்கள் பெரும்பாலும் தொடுவதாலும் அருகில் இருப்பதாலும்தான் பரவுகின்றன, காற்றைப் பழி சொல்வதை விடுங்கள் என்று வாதாடினார். கையைக் கழுவச் சொல்வதற்கு அது நல்ல வாதம். அதற்கப்புறம் ஒரு நோய் காற்றில் பரவுகிறது என்று சொன்னால், நிரூபி என்று கழுத்தைப் பிடிக்கும் வழக்கம் வந்துவிட்டது.

காசநோய் விஷயத்தில் அதை நிரூபித்தவர்கள் வில்லியம் வெல்ஸும் ரிச்சர்ட் ரைலியும். 1950-களின் பிற்பகுதியில், பால்டிமோரில் ஒரு மருத்துவமனையில் ஆறு படுக்கை கொண்ட காசநோய் வார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வார்டிலிருந்து வெளியேறும் காற்றை ஒரு குழாய் வழியாக மேல்மாடிக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் இருந்த சுமார் 150 கினிப்பன்றிகள் மீது விட்டார்கள். வேறு எந்தத் தொடர்பும் கிடையாது. நோயாளியின் எச்சிலோ துணியோ கையோ அந்தக் கினிப்பன்றிகளை எட்டவே முடியாது. மாதத்துக்குச் சுமார் மூன்று கினிப்பன்றிகளுக்குக் காசநோய் வந்துகொண்டே இருந்தது. அடுத்த கட்டத்தில் காற்றின் ஒரு பாதியைப் புற ஊதா விளக்கு வழியாக அனுப்பினார்கள். அந்தப் பக்கத்துக் கினிப்பன்றிகளுக்கு ஒன்றும் வரவில்லை.

அதே சோதனையில் இன்னும் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. வார்டில் பல நோயாளிகள் வந்து போனாலும், பெரும்பாலான தொற்றுக்குக் காரணமானவர்கள் ஒரு சிலர்தான். இரண்டாவது, சரியான மருந்தைச் சாப்பிடத் தொடங்கிய நோயாளிகள் மிகச் சீக்கிரத்திலேயே அநேகமாக யாருக்கும் கொடுக்காதவர்களாக ஆகிவிட்டார்கள்.

இந்த இரண்டாவது விஷயம் கிட்டத்தட்ட அதே காலத்தில் வேறொரு மூலையிலும் தெரியவந்தது. காசநோய் வந்தால் ஓராண்டு, இரண்டாண்டு என்று சானடோரியத்தில் தனியாக வைப்பது அன்றைய நடைமுறை. அவ்வளவு படுக்கைகள் பெரும்பாலான நாடுகளில் கிடையாது. 1956-இல் மதராஸில் தொடங்கிய ஆய்வில் வாலஸ் ஃபாக்ஸும் அவருடைய குழுவினரும், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறுபாதிக்கு அதே மாத்திரைகள், ஆனால் தங்கள் வீட்டிலேயே. நெரிசலான வீடு, சுமாரான சாப்பாடு, உடம்பு தேறியதும் வேலை. 1959-இல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடவில்லை. வீட்டாருக்குத் தொற்ற வேண்டியது நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றியிருந்தது. மருந்து தொடங்கிய பின் பரவுவது படுத்துவிட்டது. இந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களைக் காலி செய்ய வைத்தது. இங்கேயும் விடை நேரத்தில்தான் இருந்தது. தனிமைப்படுத்தல் தவறான நேரத்தில் நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மருந்தே தடுப்பாகவும் ஆகலாம் என்ற இந்த எண்ணம் அரை நூற்றாண்டு கழித்து எச்.ஐ.வி.யில் மீண்டும் வந்தது. துணைவர்களில் ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 இணையர்களை வைத்து ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. தொற்று உள்ளவருக்கு உடனே மருந்தைத் தொடங்கினால், துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் தெரிந்தது. தடுப்பூசி இன்றுவரை வராத ஒரு நோய் அது.

காற்றின் கதைக்குத் திரும்பினால், 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் தன் சமூக ஊடகப் பக்கத்தில் கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று பெரிய எழுத்தில் போட்டது. ஐந்து மைக்ரானைவிட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டரில் விழுந்துவிடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. உண்மையில் அதைவிடப் பல மடங்கு பெரிய துளிகள்கூட நேரம் எடுத்துத்தான் விழும். பேசும்போதே வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் சிகரெட் புகை மாதிரி மிதந்து நிறைந்துவிடும். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் தன் நிலையைத் தெளிவாக மாற்றிக்கொள்ள 2021 ஆனது. இடைப்பட்ட மாதங்களில் உலகம் மேஜை நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்ல வேண்டிய நேரம் அது. கை கழுவியது வீண் என்று சொல்லவில்லை. வேறு பல நோய்களுக்கு அது நல்லதுதான். ஆனால் வழியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உழைப்பு எவ்வளவு இருந்தாலும் பக்கத்து வாசலில்தான் காவல் நிற்போம்.

அந்தக் காலத்தில் சரியாக ஊகித்த இடமும் உண்டு. ஒரு நோயாளி சராசரியாக இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கிறார் என்ற எண், ஒரு வகையில் ஏமாற்று எண். பெரும்பாலோர் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு சிலர், ஒரு சில இடங்களில், பத்து இருபது பேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மெட்ரோபோல் ஹோட்டலில் நடந்தது அதுதான். சார்ஸ் தரவுகளை வைத்து 2005-இல் ஜேம்ஸ் லாயிட்-ஸ்மித்தும் சக ஆய்வாளர்களும் இதைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். ஜப்பான் 2020-இன் தொடக்கத்தில் இதைப் பிடித்துக்கொண்டது. ஒரு நோயாளியைக் கண்டால், இவர் யாருக்குக் கொடுத்திருப்பார் என்று முன்னோக்கித் தேடுவதோடு, இவருக்கு எங்கே வந்தது என்று பின்னோக்கியும் தேடினார்கள். வந்த இடத்தைக் கண்டுபிடித்தால் அங்கே இன்னும் பத்துப் பேர் அகப்படுவார்கள். மூடிய இடம், கூட்டம், நெருங்கிய பேச்சு ஆகிய மூன்றையும் தவிர்க்கச் சொன்ன அவர்களுடைய அறிவுரையும் இதிலிருந்து வந்ததுதான்.

தீ எரியும்போது சோதனை

ஒரு தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்க, போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-இல் வெடித்த எபோலாவில் இது பெரிய தர்மசங்கடம் ஆனது. 28,600-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து, 11,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்த பரவல் அது. கண்ணெதிரே சாகும் மக்களில் பாதிப்பேருக்கு வெற்று ஊசி போட முடியுமா?

2015-இல் கினியாவில் ஆய்வாளர்கள் ஃபேகியின் வளையத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஒரு எபோலா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டதும் அவரோடு பழகியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என்று பட்டியல் போடுவார்கள். அது ஒரு வளையம். குலுக்கலில் சில வளையங்களுக்கு உடனே ஊசி, சிலவற்றுக்கு 21 நாள் கழித்து. யாருக்கும் வெற்று ஊசி இல்லை. எல்லோருக்கும் உண்டு, காலம்தான் வேறு. உடனே ஊசி போட்டுக்கொண்டவர்களில், பத்து நாளுக்குப் பிறகு ஒருவருக்கும் எபோலா வரவில்லை. தள்ளிப்போட்ட வளையங்களில் வந்தது. பரவல் தணிந்துகொண்டிருந்த நேரத்தில், நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயே சோதனையும் போனதால்தான் விடை கிடைத்தது. ஊர் முழுக்கப் பொதுவாக ஆட்களைச் சேர்த்திருந்தால், முடிவுக்கு வரும் அளவுக்கு நோயே இருந்திருக்காது.

எபோலா இன்னொன்றையும் காட்டியது. இறந்தவரின் உடலில்தான் வைரஸ் மிக அதிகம். உடலைக் கழுவித் தொட்டு அடக்கம் செய்வது அந்த மக்களின் மரியாதை. அதைத் தடை செய்தபோது உடல்களை மறைத்தார்கள். மானுடவியலாளர்களைக் கூட்டிவந்து, குடும்பத்தாரும் மதப் பெரியவர்களும் பக்கத்தில் நிற்க, தொடாமல் மரியாதை செய்யும் முறையை ஊராரோடு சேர்ந்து உருவாக்கிய பிறகுதான் இறுதிச் சடங்குகள் வழியே பரவுவது குறைந்தது. இதுவும் நோய் ஆராய்ச்சிதான், நுண்ணோக்கி இல்லாமல்.

நாய்கள்

கடைசியாக, மருந்தும் தடுப்பூசியும் இல்லாமலேயே ஒழிவின் விளிம்புக்கு வந்த ஒரு நோய். நரம்புச் சிலந்தி என்று நம் பெரியவர்கள் சொன்ன கினியா புழு. குளத்துத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்ப்பூச்சிக்குள் அதன் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த ஒருவரின் உடலுக்குள் அது வளர்ந்து, சுமார் ஓராண்டு கழித்து ஒரு மீட்டர் வரை நீளமுள்ள புழுவாகக் காலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைக் குளத்தில் நனைப்பார். புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். 1986-இல் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு வந்துகொண்டிருந்தது.

இதற்கு ஒரு முறை வந்தால் எதிர்ப்பு உண்டாகாது. ஆகவே தடுப்பூசிக்கும் வழி தெரியவில்லை. ஆனால் சங்கிலி நன்றாகத் தெரியும். தண்ணீரை நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினால் பூச்சி மாட்டிக்கொள்ளும். புழு வெளிவரும் ஆளைக் குளத்தில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளத்துக்கு அளவாகப் பூச்சிக்கொல்லி. ஊர் ஊராக ஆட்களை அமர்த்தி இதைச் செய்தார்கள். 2023-இல் உலகம் முழுவதிலும் மனிதர்களில் பதிவானது 14 பேர்.

ஆனால் 2012-இல் சாட் நாட்டில் நாய்களின் காலிலிருந்தும் அதே புழு வருவது தெரிந்தது. மனிதரைத் தவிர வேறு இடமே இல்லை என்று நினைத்த நோய் அது. மனிதப் பரவல் வற்றியதால்தான் நாய்களில் இருந்தது கண்ணுக்குப் பட்டதா, அல்லது மனிதர் கிடைக்காமல் நாய்க்குப் போனதா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. மீனவர்கள் சுத்தம் செய்து வீசும் மீன் குடலைத் தின்பதால் நாய்களுக்கு வருகிறது என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. இன்று நோயுற்ற விலங்குகளின் எண்ணிக்கை மனிதர்களைப்போலப் பல மடங்கு. விலங்குகளிலும் பரவல் நின்றால்தான் நோய் ஒழிந்ததாக அறிவிக்க முடியும். ஆகவே சாட் நாட்டின் சாரி ஆற்றங்கரை ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் இப்போது மீன் குடலைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறார்கள். புழு வந்த நாயைச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கும் உரிமையாளருக்குப் பரிசுப் பணம் கொடுக்கிறார்கள். நாய் கட்டில்தான் இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறார்கள்.